கிராண்ட் கேன்யனில் ஓரிரவு: திட்டத்தை இரண்டாம் நாளிலிருந்து போடுங்கள்

கேள்வி சுருக்கமாக இது. டல்லஸில் இருக்கும் நான்கு நண்பர்கள், எல்லோருக்கும் முப்பத்தைந்தை ஒட்டிய வயது, ஊரில் இருந்தபோது வெள்ளியங்கிரி ஏறியவர்கள். வரும் அக்டோபரில் கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பிலிருந்து முதுகுப் பையோடு கொலராடோ ஆறு வரை இறங்கி, ஓர் இரவு டென்ட்டில் தங்கி, மறுநாள் மேலே வர வேண்டும். எந்தப் பாதை, எவ்வளவு தண்ணீர், எப்படித் தயாராவது?

நான் இதே பயணத்தை நான்கு முறை செய்திருக்கிறேன். முதல் முறை தப்பாகத் திட்டமிட்டதால் கூட வந்த நண்பர் ஒருவர் பாதி வழியில் படுத்துவிட்டார். அதைப் பின்னால் சொல்கிறேன். அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம்.

வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறோம் என்றீர்களே, அங்கிருந்தே தொடங்கலாம். அங்கே நான்காவது மலையில் கால் ஓய்ந்துவிட்டால் திரும்பி இறங்கிவிடலாம். களைத்து நிற்கும் இடத்திலிருந்து வீடு எப்போதும் கீழேதான் இருக்கும். கேன்யனில் இது தலைகீழ். தெம்பாக இருக்கும் காலையில் இறங்குகிறீர்கள். கால் வலித்து, தூக்கம் கெட்டு, வெயில் ஏறிய நேரத்தில் ஏறுகிறீர்கள். இறங்கும்போது உடம்பு எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. அதனால் பையின் எடை, தண்ணீர், கிளம்பும் நேரம், சாப்பாடு எல்லாவற்றையும் இரண்டாம் நாளின் கடைசி ஏழு கிலோமீட்டரை மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

கணக்கைப் பாருங்கள். நீங்கள் இறங்க வேண்டிய சவுத் கைபாப் பாதை தொடங்கும் இடம் சுமார் 2,210 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் தங்கப்போகும் பிரைட் ஏஞ்சல் கேம்ப்கிரவுண்ட் சுமார் 755 மீட்டரில். இடையில் 11 கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் 1,450 மீட்டர் இறக்கம். திரும்பி வரும் பிரைட் ஏஞ்சல் பாதை சுமார் 15 கிலோமீட்டர், 1,330 மீட்டர் ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீலகிரி ரயில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறதே, ஏறக்குறைய அந்த உயரம். அதைப் பையோடு ஒரே நாளில் நடந்து ஏறுகிறீர்கள்.

சவுத் கைபாபில் இறங்கி பிரைட் ஏஞ்சலில் ஏறுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். சவுத் கைபாப் மலை முகட்டின் மேலேயே போகும் பாதை. காட்சி பிரமாதமாக இருக்கும். ஆனால் வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் அநேகமாகக் கிடையாது. செங்குத்தும் அதிகம். இறங்க நல்லது, வெயிலில் ஏற ஆகாது. பிரைட் ஏஞ்சல் ஒரு பிளவுக்குள் வளைந்து வளைந்து போவதால் காலை நேரத்தில் நிழல் கிடைக்கும். நடுவில் ஹவசுபாய் கார்டன்ஸ் என்ற இடத்தில் தண்ணீர், காட்டன்வுட் மரங்கள், கழிப்பறை எல்லாம் உண்டு. மூன்று மைல், ஒன்றரை மைல் இளைப்பாறும் கூடங்களும் மேலே இருக்கின்றன.

அடுத்தது பெர்மிட். கீழே இரவு தங்க அனுமதிச் சீட்டு கட்டாயம். அமெரிக்க அரசின் ரெக்ரியேஷன்.கவ் (recreation.gov) தளத்தில் முதலில் ஒரு குலுக்கல் நடக்கும். அக்டோபர் பயணத்துக்கு மே நடுவிலிருந்து ஜூன் 1 வரை விண்ணப்பிக்கலாம். குலுக்கலில் பெயர் வந்தாலும் உடனே இடம் கிடைத்துவிடாது. மற்றவர்களுக்கு முன்னால் பதிவு செய்ய உங்களுக்கு ஒரு நேரம் ஒதுக்குவார்கள், அந்த நேரத்தில் உள்ளே போய் மீதமிருக்கும் தேதியைப் பிடிக்க வேண்டும். ஆகவே ஒரே ஒரு வார இறுதியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்; வாரநாட்களையும் சேர்த்து நாலைந்து தேதிகளை நால்வரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டு வையுங்கள். நான்கு பேர் என்பதால் ஆறு பேர் வரைக்குமான சிறிய குழு இடமே போதும். பக்கத்தில் இருக்கும் ஃபாண்டம் ராஞ்ச் விடுதிக்கு வேறு குலுக்கல், அது ஒரு வருடத்துக்கும் மேலாக முன்னால் நடப்பது. இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள்.

பதிவு செய்யும்போது இரண்டு இரவுக்கு இடம் கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. முதல் இரவு ஆற்றங்கரையில், இரண்டாம் இரவு ஹவசுபாய் கார்டன்ஸில். ஏற்றம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு நாள் கூடுதல் விடுப்பு, அரைக் கிலோ கூடுதல் சாப்பாடு, அவ்வளவுதான் செலவு. மதியம் முழுக்க மர நிழலில் படுத்துக் கிடந்துவிட்டு, மாலை வெயில் தாழ்ந்ததும் ப்ளாட்டோ பாயிண்ட் வரை வெறுங்கையோடு போய் ஆற்றை மேலிருந்து பார்த்துவிட்டு வரலாம். ஓர் இரவுதான் கிடைத்தது என்றாலும் போகலாம். நால்வருமே ஒழுங்காகத் தயாராகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாதம் அக்டோபர் என்று நீங்கள் எடுத்த முடிவு சரியானது. ஜூலையில் ஆற்றங்கரையில் சராசரிப் பகல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸ். வெயில் நேரம் முழுக்கக் கரும்பாறை சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவிலும் திருப்பிக் கொடுக்கும். அக்டோபரில் கீழே 29 டிகிரி அளவில் நிற்கும், இரவில் 14. ஆனால் மேலே விளிம்பில் அதே இரவு 2 டிகிரிக்கு இறங்கலாம். முந்தின இரவு மேலே தங்குவதற்குக் கனமான ஸ்வெட்டர் வேண்டும். அதைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.

தயாரிப்பில் நான் பார்த்தவரை பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. டிரெட்மில்லில் சாய்வை ஏற்றி வைத்து நடப்பார்கள். மூச்சு பழகும், ஏறப் பழகும். ஆனால் முதல் நாள் தொடைத் தசையைக் கிழிப்பது இறக்கம். 1,450 மீட்டர் இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முன்தொடை பிரேக் போட்டுக்கொண்டே வருகிறது. அதற்குப் பழகாத கால் மறுநாள் காலையில் டென்ட்டை விட்டு எழுந்திருக்கவே மறுக்கும். டல்லஸ் தட்டையான ஊர், மலை கிடையாது என்று கவலைப்பட வேண்டாம். அலுவலகக் கார் நிறுத்தக் கட்டடத்தின் படிக்கட்டு போதும். பையில் எட்டு கிலோ அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு வாரம் மூன்று நாள் ஏறுங்கள். அப்புறம் லிஃப்ட்டில் இறங்காதீர்கள், படியிலேயே இறங்குங்கள். பத்து வாரம் இப்படிச் செய்தால் போதும். கடைசி மூன்று வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்துச் செய்து பாருங்கள். வலிக்கும் காலோடு மறுநாள் ஏறுவது எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். பயணத்துக்கு முந்தின வாரம் ஓய்வு.

நடைக்கோல் இரண்டு வேண்டும். வெள்ளியங்கிரியில் மூங்கில் தடி இல்லாமல் யாராவது ஏறுவார்களா? அதே காரணம்தான்.

பை விஷயத்தில் நான் கண்டிப்பானவன். தண்ணீரோடு சேர்த்து ஒருவருக்கு 12 கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு பேருக்கு ஒரு டென்ட், நால்வருக்கு ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம். கீழே விறகு மூட்டி நெருப்பு போடத் தடை இருப்பதால் சிறிய கேஸ் குப்பியில் எரியும் அடுப்புதான். விமானத்தில் கேஸ் குப்பியைக் கொண்டுவர விடமாட்டார்கள், ஃபீனிக்ஸிலோ ஃபிளாக்ஸ்டாஃபிலோ இறங்கியதும் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுடை ஒரே செட். ஜீன்ஸ் போன்ற பருத்தி உடை வேண்டாம், சட்டைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: வெயிலில் நனைத்துப் போட்டுக்கொள்ளப் பருத்திதான் நல்லது. ஹெட்லேம்ப் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, உபரி பேட்டரியோடு. கீழே செல்போன் சிக்னல் கிடையாது. நால்வரில் ஒருவரிடமாவது சேட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இருக்கட்டும், வாடகைக்கும் கிடைக்கிறது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இறங்கும்போது விரல் நுனி ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே இருக்கும். நகம் நீளமாக இருந்தால் கறுத்துப்போய் ஒரு மாதத்தில் கழன்று விழும். எனக்கு இரண்டு விரலில் விழுந்திருக்கிறது. பாதத்தில் எங்காவது சுர்ரென்று உறைத்தால் அடுத்த திருப்பம் வரை பொறுத்துக்கொள்ளாமல் அங்கேயே உட்கார்ந்து டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை.

இப்போது தண்ணீரும் உப்பும். இதைத்தான் நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும்.

என் முதல் பயணம் மே மாதக் கடைசியில். இரண்டாம் நாள் நாங்கள் ஏழு மணிக்குத்தான் கிளம்பினோம், அது முதல் தவறு. ஆற்றோரப் பாதையின் மணலில் கால் புதையப் புதைய நடந்து, டெவில்ஸ் கார்க்ஸ்க்ரூ என்ற கொண்டை ஊசி வளைவுகளுக்கு வந்தபோது நேரம் ஒன்பதைத் தாண்டிவிட்டது. நிழலே இல்லாத இடம். நண்பருக்குத் தலைவலி, குமட்டல். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் குடிக்கச் சொன்னோம். குடித்தார், வாந்தி எடுத்தார், மறுபடியும் குடித்தார். மோதிரம் விரலில் இறுகிக்கொண்டு திரும்பவே இல்லை. கை அந்த அளவுக்கு வீங்கியிருந்தது. எதிரே இறங்கி வந்த ஒரு பெண்மணி நின்று பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: காலையிலிருந்து என்ன சாப்பிட்டார்? பசியில்லை என்று ஒரே ஒரு கிரானோலா பார் சாப்பிட்டிருந்தார். தண்ணீர் மட்டும் நாலு லிட்டருக்கு மேல் போயிருந்தது. தண்ணீரை நிறுத்துங்கள் என்று சொல்லி, தன் பையிலிருந்து உப்பு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். பாறை ஓரத்தில் இருந்த முழங்கை அகல நிழலில் அவரைச் சாய்த்து வைத்து, ஓடைத் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டு, பிஸ்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைத்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்துச் சிறுநீர் போனார், முகம் தெளிந்தது. அவர் பையை நாங்கள் மூவரும் பிரித்துச் சுமந்து விளிம்புக்கு வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பதரை.

வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடுகிறது. வெயிலில் நீர் வற்றிப்போனாலும் இதே தலைவலி, இதே குமட்டல் என்பதால் குழப்பம் வரும். உளறல், தள்ளாட்டம் வந்தால் அது உயிருக்கு ஆபத்து. தாமதிக்காமல் சேட்டிலைட் கருவியில் உதவி கேளுங்கள், வழியில் சில இடங்களில் அவசரத் தொலைபேசியும் உண்டு. கேன்யனுக்குள்ளிருந்து ஆண்டுதோறும் 250 பேருக்கு மேல் மீட்கப்படுகிறார்கள் என்று தேசியப் பூங்கா நிர்வாகமே சொல்கிறது. பெரும்பாலும் நல்ல திடகாத்திரமானவர்கள் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.

ஆகவே அரை மணிக்கு ஒரு முறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், உப்புள்ள ஏதாவது ஒரு வாய். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள், போட்டி போட்டுக் குடிக்காதீர்கள். ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ், இன்னொன்றில் வெறும் தண்ணீர். நான் இப்போதெல்லாம் உப்பில் ஊறிக் காய்ந்த நார்த்தங்காயைத் துண்டு துண்டாக வெட்டிச் சின்ன டப்பாவில் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்கிறேன். கடையில் விற்கும் எந்த ஜெல்லும் அதற்கு ஈடில்லை. வாய் வறண்டு எதையும் விழுங்கப் பிடிக்காத நேரத்திலும் ஒரு துண்டை ஒதுக்கிக்கொண்டால் எச்சில் ஊறும், அப்புறம் தானாகச் சாப்பாடு இறங்கும். வறுத்த வேர்க்கடலை, கடலை மிட்டாய், முறுக்கு எல்லாமே நடைக்கு ஏற்றவை. இரவுக்கு அவலும் புளிக்காய்ச்சலும். சுடுதண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் புளி அவல் தயார், எரிபொருளும் மிச்சம்.

சவுத் கைபாபில் இறங்க அக்டோபரில் ஒருவருக்கு மூன்று லிட்டர் வேண்டும், வெயில் அடித்தால் நான்கு. ஏறும் பாதையில் குழாய்த் தண்ணீர் இருக்கிறது என்று வரைபடத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். வடக்கிலிருந்து பள்ளத்தாக்கைக் கடந்து தெற்கு விளிம்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் 1960-களில் போட்டது, அடிக்கடி உடைகிறது. அதை மாற்றும் வேலைக்காகப் பாதைகளின் சில பகுதிகளை மாதக்கணக்கில் மூடியும் வைத்தார்கள். 2025 ஜூலையில் ட்ராகன் பிராவோ காட்டுத்தீ வடக்கு விளிம்பின் பழைய லாட்ஜை எரித்தபோதும் உள்ளே இருந்த பாதைகள் மூடப்பட்டன. ஆகவே பெர்மிட் வாங்கும்போது ஒரு முறை, கிளம்பும் வாரம் ஒரு முறை, முந்தின நாள் மாலை ஒரு முறை என மூன்று தடவை பூங்காவின் இணையதளத்தில் பாதை நிலவரமும் தண்ணீர் நிலவரமும் பாருங்கள். எப்படியிருந்தாலும் ஒரு சிறிய ஃபில்டர் கையில் இருக்கட்டும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் வடிகட்டாமல் குடிக்கக் கூடாது. கொலராடோ ஆற்றில் இறங்கி நீந்தவும் வேண்டாம். மேலே க்ளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், இழுப்பும் பலம். கால் நனைக்க ஆசைப்பட்டால் முகாமை ஒட்டி ஓடும் பிரைட் ஏஞ்சல் ஓடை போதும். மாலை நாலு மணிக்கு அந்த ஓடைக் கல்லில் உட்கார்ந்து முழங்கால் வரை தண்ணீரில் வைத்திருப்பதை எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

முதல் நாள். சவுத் கைபாப் தொடக்கத்தில் சொந்தக் காரை நிறுத்த முடியாது. விடிவதற்கு முன்பே நடைப்பயணிகளுக்கென்று ஓடும் பேருந்தில் வந்து, வெளிச்சம் வரும்போது இறங்கத் தொடங்குங்கள். சீடர் ரிட்ஜ் 2.4 கிலோமீட்டர், அங்கே கழிப்பறை உண்டு. ஸ்கெலிட்டன் பாயிண்ட் 4.8-ல், முதன்முதலாக ஆறு கண்ணில் படும் இடம். படிகள் கோவேறு கழுதைகளின் காலுக்கு அளவெடுத்துக் கட்டையால் போட்டவை. மனித அடிக்கு ஒன்று நீளமாக இருக்கும், ஒன்று குட்டையாக இருக்கும். கழுதை வரிசை வந்தால் மலைப் பக்கமாக ஒதுங்கி அசையாமல் நில்லுங்கள், ஓட்டி வருபவர் சொல்வதைக் கேளுங்கள். அவை போனபின் காலடியில் சிவப்புத் தூசியும் சாணமுமாக ஒரு கலவை மிஞ்சும். சாக்ஸ் அந்த நிறத்திலேயே வீட்டுக்கு வரும்.

போகிற போக்கில் பாறையைக் கவனியுங்கள். உச்சியில் கால் வைக்கும் சுண்ணாம்புப் பாறைக்கு வயது சுமார் 27 கோடி ஆண்டு. அடியில் ஆற்றோரம் இருக்கும் கறுத்த விஷ்ணு ஷிஸ்ட் பாறைக்கு 170 கோடிக்கும் மேல். ஒரே காலையில் அதையெல்லாம் கடந்துவிடுகிறீர்கள். கீழே ஒரு சுரங்கத்தைத் தாண்டியதும் தொங்கு பாலம் வரும். 1928-ல் கட்டியது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள அதன் இரும்புக் கம்பி வடங்களை 42 ஹவசுபாய் பழங்குடி ஆண்கள் வரிசையாகத் தோளில் சுமந்து இந்தப் பாதையிலேயே இறக்கினார்கள். மறுநாள் நீங்கள் இளைப்பாறப்போகும் கார்டன்ஸ் அந்த மக்கள் விவசாயம் செய்து வாழ்ந்த இடம்; பூங்கா வந்தபின் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 2022-ல்தான் இடத்தின் பெயர் அவர்கள் பெயருக்கு மாறியது.

முகாமில் சாப்பாட்டை, பற்பசையைக்கூட, அங்கிருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். அணில் பையையே கடித்துத் துளை போடும். கொஞ்சுவதாக நினைத்து அதற்குத் தீனி கொடுக்காதீர்கள், கையைக் கடித்துவிடும்.

எட்டு மணிக்குப் படுத்து, மூன்றரைக்கு அலாரம். நாலரைக்கு ஹெட்லேம்ப் வெளிச்சத்தில், ஆற்றின் மேல் இருக்கும் இன்னொரு பாலமான வெள்ளிப் பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அதன் தரை கம்பிச் சல்லடை, காலுக்கு அடியில் ஆறு ஓடுவது இருட்டிலும் கேட்கும். வெயில் படுவதற்குள் கார்க்ஸ்க்ரூவை முடித்து, எட்டு, எட்டரைக்குள் கார்டன்ஸ். அங்கே ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து ஒழுங்கான சாப்பாடு சாப்பிடுங்கள். அங்கிருந்து விளிம்புக்கு 7.2 கிலோமீட்டர், 900 மீட்டருக்கு மேல் ஏற்றம், கண்ணுக்கு எதிரே சுவர் மாதிரி நிற்கும். மேலே பார்க்காமல், பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் போங்கள். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஐம்பது நிமிடம் நடை, பத்து நிமிடம் காலை உயர்த்தி வைத்து ஓய்வு. நால்வரில் மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். வேகமானவரிடம் கனமான பையைக் கொடுங்கள்.

மதியம் இரண்டு மணி வாக்கில் மேலே வந்துவிடுவீர்கள். அன்றைக்கே கார் ஓட்டிக்கொண்டு ஃபீனிக்ஸ் விமான நிலையத்துக்கு ஓட வேண்டிய மாதிரி டிக்கெட் போடாதீர்கள், மூன்றரை நாலு மணி நேரப் பயணம், கண் சொருகும். அன்று இரவு ஃபிளாக்ஸ்டாஃபில் அறை எடுத்துவிடுங்கள். முடிந்தால் தரைத்தளத்தில்.